ஐ.எஸ்.பி.என். எண்ணில் இடைக்கோடு: டேட்டாபேஸில் வேண்டாம், திரையில் இருக்கட்டும்

எங்கள் தெரு நூலகத்துக்குச் சின்னதாக ஒரு டேட்டாபேஸ் செய்துகொடுத்தேன். ஒரே புத்தகம் இரண்டு தலைப்புகளாகப் பதிவாகிக்கொண்டே இருந்தது. ஒருவர் பின்னட்டையைப் பார்த்து, ஐ.எஸ்.பி.என். எனப்படும் புத்தக அடையாள எண்ணை இடைக்கோடுகளோடு தட்டியிருக்கிறார். இன்னொருவர் பார்கோடு ஸ்கேனரைப் பயன்படுத்தியிருக்கிறார். ஸ்கேனர் இடைக்கோடு அனுப்பாது. நமக்கு ஒரே எண், டேட்டாபேஸுக்கு இரண்டு வேறு எண்கள்.

இதற்கு வழி: ஒரே வடிவத்தில் சேமியுங்கள், காட்டும்போது மட்டும் அலங்கரியுங்கள்.

படி 1: ஃபீல்டு (தகவலைச் சேமிக்கும் கட்டம்) வகை

எண்தானே என்று இன்டிஜர் (முழு எண்) வகையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். இதை வைத்து நாம் கூட்டல் கழித்தல் செய்யப்போவதில்லை. பழைய 10 இலக்க எண்கள் பல, குறிப்பாக ஆங்கிலப் புத்தகங்களுடையவை, 0-இல் தொடங்கும். இன்டிஜரில் அந்தப் பூஜ்ஜியம் காணாமல் போய்விடும். 13 எழுத்து நீளமுள்ள டெக்ஸ்ட் ஃபீல்டு போதும்.

படி 2: சுத்தம் செய்தல்

இடைக்கோட்டை மட்டும் நீக்கினால் போதாது. இணையத்திலிருந்து நகலெடுக்கும்போது இடைவெளியும், பார்க்க இடைக்கோடு போலவே இருக்கும் நீளக்கோடும் ஒட்டிக்கொண்டு வரும். எனவே தலைகீழாக யோசியுங்கள்: 0 முதல் 9 வரையான இலக்கங்களையும் எக்ஸ் என்ற எழுத்தையும் வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் தூக்கிவிடுங்கள். சிறிய எக்ஸ் வந்தால் பெரியதாக்குங்கள்.

தேடல் பெட்டியில் தட்டப்படும் எண்ணுக்கும், சுத்தம் செய்யும் இதே ஃபங்ஷனைப் பயன்படுத்துங்கள். இதை மறந்தால், இருக்கிற புத்தகத்தையே 'இல்லை' என்று சொல்லும்.

படி 3: சரிபார்த்து, 13 இலக்கமாக்குதல்

2007 ஜனவரி முதல் ஐ.எஸ்.பி.என். 13 இலக்கம். அதற்கு முந்தைய புத்தகங்களில் 10 தான். விளக்கங்களில் அடிக்கடி வரும் மாதிரி எண்ணையே எடுத்துக்கொள்வோம்: 3-16-148410, கடைசியில் எக்ஸ். இந்த எக்ஸுக்கு மதிப்பு 10.

10 இலக்கங்களையும் இடமிருந்து முறையே 10, 9, 8 என 1 வரை பெருக்கிக் கூட்டுங்கள். 187 வருகிறது. 11-ஆல் மீதியின்றி வகுபடுவதால் எண் சரி.

இனி கடைசி எழுத்தை நீக்கி, முன்னால் 978 சேருங்கள்: 978316148410. இலக்கங்களை 1, 3, 1, 3 என்று மாறிமாறிப் பெருக்கிக் கூட்டினால் 100. பத்தின் மடங்காக எவ்வளவு குறைகிறதோ அதுவே சோதனை இலக்கம், அதாவது பிழையைக் கண்டுபிடிக்க உதவும் கடைசி இலக்கம். 100 ஏற்கெனவே பத்தின் மடங்கு என்பதால் இங்கே 0. சேமிக்க வேண்டியது 9783161484100. நேரடியாக 13 இலக்கமாக வரும் எண்ணையும் இதே கணக்கில் சரிபாருங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: 10 இலக்க எண்ணைச் சரிபார்க்காமல் மாற்றவே கூடாது. மாற்றும்போது சோதனை இலக்கம் புதிதாகக் கணக்கிடப்படுவதால், தட்டச்சுப் பிழையுள்ள எண்ணுக்கும் 'சரியான' சோதனை இலக்கம் கிடைத்துவிடும். அப்புறம் அந்தப் பிழை எந்தச் சோதனையிலும் சிக்காது.

படி 4: திரையில் காட்டுதல்

இடைக்கோடு எங்கே விழும் என்பது நாட்டுக்கும் பதிப்பகத்துக்கும் ஏற்ப மாறும். 978-க்கு அடுத்து வரும் குழு எண்ணாக இந்தியாவுக்கு 81, 93 என்ற ஈரிலக்க எண்கள் உண்டு. இலங்கையின் 955 மூன்று இலக்கம். அதனால் நீங்களாக நான்கு நான்காக வெட்டாதீர்கள். பைத்தானில் ஐஎஸ்பிஎன்லிப் என்ற நிரல்தொகுப்பு சரியான இடத்தில் போட்டுத்தரும். அது இல்லாவிட்டால், முதல் மூன்று இலக்கங்களுக்குப் பின் ஒரே ஒரு கோடு போட்டாலும் தவறில்லை.

படி 5: இரட்டைப் பதிவைத் தடுத்தல்

தலைப்பு டேபிளில் (தலைப்புகளின் அட்டவணையில்) இந்த ஃபீல்டை யூனிக் ஆக்குங்கள், அதாவது ஒரே எண் இரண்டு முறை வராதபடி செய்யுங்கள். ஒரே புத்தகத்தின் பல பிரதிகளுக்குத் தனி டேபிள் வேண்டும். எண்ணே இல்லாத பழைய புத்தகங்களுக்கு வெற்று டெக்ஸ்ட் போடாமல் 'நல்' (மதிப்பே இல்லை என்ற குறி) என்று விடுங்கள். மையெஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ், எஸ்கியூலைட் ஆகிய டேட்டாபேஸ் மென்பொருள்கள் மூன்றிலும் யூனிக் ஃபீல்டில் நல் எத்தனை முறையும் வரலாம். வெற்று டெக்ஸ்ட் இரண்டாவது முறையே மோதும்.

ஏற்கெனவே டேட்டா இருந்தால் உடனே யூனிக் போடாதீர்கள், ஏற்காது. முதலில் பேக்கப். பிறகு சுத்தமான எண்ணைப் புதிய ஃபீல்டில் நிரப்பி, இரட்டைகளைத் தேடி, அவற்றின் பிரதிகளை ஒரே தலைப்புக்குக் கீழ் கொண்டுவந்த பின் யூனிக் ஆக்குங்கள்.