பெரிய வீடியோவ ரைட் பண்ண எந்த டிஸ்க் வாங்கணும்?

கல்யாணம், காதுகுத்து, ஏற்காட்டுல சேர்வராயன் கோயில் திருவிழானு எடுத்த வீடியோவ டிஸ்க்ல போட்டு வைக்கணும்னா, கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஃபைல் எத்தன ஜிபினு பாருங்க, ஏன்னா டிஸ்க் கவர்ல இருக்கற நம்பரும் விண்டோஸ் காட்டுற நம்பரும் ஒண்ணு கிடையாது. சாதா டிவிடில 4.7 ஜிபினு போட்டிருப்பாங்க, அது ஆயிரம் ஆயிரமா எண்ணுன கணக்கு, விண்டோஸ் 1024 கணக்குல எண்ணும், அதனால அதுல நிஜமா போறது 4.37 தான். 4.5 ஜிபினு காட்டுற ஃபைல் உள்ள போகவே போகாது. அதே மாதிரி டபுள் லேயர் டிவிடி, அதாவது ரெண்டு அடுக்கா எழுதற டிஸ்க், 8.5னா 7.95, ப்ளூரே 25னா 23.3 கிட்ட.

4 ஜிபிக்கு மேல ஒரே ஃபைலா இருந்தா ரைட் பண்ற சாஃப்ட்வேர்ல ஃபைல எழுதற முறைய யூடிஎஃப்னு (UDF) செலக்ட் பண்ணிருங்க, பழைய ஐஎஸ்ஓ முறை பெரிய ஃபைலுக்கு தகராறு பண்ணும்.

6, 7 ஜிபி ஃபைலுக்கு டபுள் லேயர் போதும், ஆனா வெல கொறஞ்சதா எடுக்காதீங்க, முதல் லேயர்ல இருந்து ரெண்டாவதுக்கு மாறுற எடத்துலதான் மட்டமான டிஸ்க் சொதப்பும். அதுக்கு மேலனா யோசிக்காம பிடி-ஆர் (BD-R), அதாவது ஒரு தடவ மட்டும் எழுதற ப்ளூரே, 25 ஜிபி இல்லனா 50 ஜிபி. ஒண்ணு ஞாபகம் இருக்கட்டும், டிவிடி ரைட்டர்ல ப்ளூரே ரைட் ஆகாது, ரைட்டரும் ப்ளூரேவா இருக்கணும், குடுக்கப் போற வீட்லயும் ப்ளூரே ட்ரைவோ பிளேயரோ இருக்கானு கேட்டுக்கோங்க. பிடி-ஆர்லயே கவர்ல எல்டிஎச்னு (LTH) போட்டிருந்தா வேண்டாங்க, அதுல ஆர்கானிக் சாயம், சேலத்து வெயிலுக்கும் வெளிச்சத்துக்கும் அது சீக்கிரம் போயிரும், சாதா பிடி-ஆர்ல கனிமப் பூச்சு இருக்கும், அது தாங்கும். சோனி 2025 பிப்ரவரியோட எழுதாத காலி ப்ளூரே டிஸ்க் தயாரிப்ப நிறுத்திட்டாங்க, அதனால அந்தப் பேர்ல இப்ப கிடைக்கறது பழைய ஸ்டாக்தான், வெர்பாட்டிம் மாதிரி வேற பிராண்டும் பாருங்க.

ஆர்டபிள்யூ (RW) டிஸ்க் அழிச்சு அழிச்சு எழுத மட்டும்தான், வருஷக்கணக்கா வைக்க வேண்டிய கல்யாண வீடியோவ அதுல போடாதீங்க, ப்ளீஸ்.

டிவிடில வேகம் 16எக்ஸ்னு போட்டிருந்தாலும் 8எக்ஸ்ல ரைட் பண்ணுங்க, டபுள் லேயர்னா 4எக்ஸ்ல. முடிஞ்சதும் எழுதுனது சரியா இருக்கானு பாக்கற வெரிஃபை கண்டிப்பா ஓட்டுங்க, நேரம் ஆனாலும் பரவால்ல, இத பண்ணாம ஒரிஜினல அழிச்சிட்டா அந்த நாள் திரும்ப வராது. வீட்டு பழைய டிவிடி பிளேயர்ல பாக்கணும்னா எம்பி4ஐ அப்படியே காப்பி பண்ணா நிறைய பிளேயர்ல ஓடாது, டிவிடி வீடியோவா மாத்திதான் ரைட் பண்ணணும்.

பேர டிஸ்க் மார்க்கர்ல எழுதுங்க, பால்பாயிண்ட் பேனா வேண்டாம். ஏற்காட்டுல வீடுனா பனிக்காலத்துல ஈரம் ஏறும், டப்பாக்குள்ள ஒரு சிலிக்கா ஜெல் பாக்கெட் போட்டு மூடி அலமாரில நிமிர்த்தி வச்சிருங்க.