எக்லி போன்ற சுரங்கக் கிராமத்தின் வரலாற்றைத் திரட்டுவது எப்படி

பென்சில்வேனியாவின் எக்லி கிராமத்தை 1854-இல் ஒரு நிலக்கரி நிறுவனம் தன் தொழிலாளர்களுக்காகக் கட்டியது. இப்படி ஓர் ஊரைப் பற்றி எழுத நினைத்தால், ஆவணங்களைத் தேடும் முன் தெருவை முனையிலிருந்து முனைவரை நடந்து பாருங்கள். ஒரு பக்கம் இரண்டு குடும்பங்கள் நடுச்சுவரைப் பகிர்ந்துகொண்ட தொழிலாளர் வீடுகள், மறுபக்கம் முதலாளியின் பெரிய வீடு. யார் எந்தப் படியில் இருந்தார்கள் என்பது சுவர்களிலேயே தெரியும்.

அப்புறம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அமெரிக்காவில் 72 ஆண்டுகள் கழிந்ததும் பெயர்ப் பட்டியலை வெளியிடுவார்கள், ஆகவே 1950 வரை பார்க்கலாம். 1890 பட்டியலைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், 1921 தீவிபத்தில் சேதமாகி, பிறகு கிட்டத்தட்ட முழுவதும் அழிந்துவிட்டது. நிலக்கரி நிறுவனமே தொழிலாளர்களுக்காக நடத்திய கடையின் கணக்குப் புத்தகம் கிடைத்தால் மட்டும் விடவே விடாதீர்கள்: வாடகையும் மளிகையும் கழித்தபின் கூலியில் என்ன மிஞ்சியது என்பதை அதைவிடத் தெளிவாக எதுவும் சொல்லாது.

இத்தகைய பழைய வீடுகளின் பராமரிப்பு என்றால் முதலில் கூரை, அடுத்து மழைநீர் வடிகால். மட்கிய பலகையை மட்டும் அதே வகை மரத்தால் மாற்றுங்கள், முழுச் சுவரையும் பிரிக்காதீர்கள்.

இன்னொன்று. 1968-இல் ஒரு திரைப்படத்தின் படப்பிடிப்புக்காக எக்லியில், நிலக்கரியை உடைத்துத் தரம் பிரிக்கும் ஆலை போன்ற ஒரு கட்டடத்தை மரத்தால் கட்டினார்கள். அந்தப் படத்தால் வந்த கவனம்தான் ஊரைக் காப்பாற்றியது, 1971-இல் அது அரசின் கைக்கு வந்தது. அத்தகைய கட்டடத்தை இடிக்க வேண்டாம், ஆனால் அது படத்துக்காகக் கட்டியது என்று பலகையில் பெரிதாக எழுதி வையுங்கள்.