கைப்பேசி, கணினித் திரையில் எழுதிப் பிழைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்: சேலத்திலிருந்து சில குறிப்புகள்

செவ்வாய்பேட்டை வெள்ளிக் கடைக்குத் தீபாவளிக் குறுஞ்செய்தி, ஏற்காடு விடுதிக்கு இணையப் பக்கம், நாளிதழுக்கு மாவட்டச் செய்தி, யூடியூப் வீடியோவுக்கு வசனம். சேலத்தில் எழுதிச் சம்பாதிக்கிறவர் ஒரே வாரத்தில் இந்த நான்கையும் எழுதுவது இன்று சாதாரணம். முன்பு கையெழுத்துப் பிரதியைக் கொடுத்தால் துணை ஆசிரியர், அச்சுக் கோப்பவர், பிழை திருத்துபவர், பக்கம் அமைப்பவர் என்று நான்கு பேர் கை பட்டுத்தான் வாசகரிடம் போய்ச் சேரும். கைப்பேசியில் அந்த நால்வரும் இல்லை. அவர்கள் பார்த்த வேலை முழுவதும் எழுதுபவர் தலையில் இறங்கியிருக்கிறது. இதை உணராமல் 'அனுப்பு' பொத்தானை அழுத்துவதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

வாய்ஸ் டைப்பிங்கை அப்படியே நம்புவது

பேசப் பேச எழுத்தாகிவிடுகிறது என்பதால் செய்தியாளர்கள் இதை அதிகம் பயன்படுத்துகிறார்கள். வேகத்துக்கு இது நல்ல கருவிதான். ஆனால் நம் பேச்சில் ழ, ள, ல மூன்றும் பல வாய்களில் மங்கிவிட்டன. கருவி காதில் விழுந்ததை வைத்து, அதிகம் புழங்கும் சொல்லைத் தேர்ந்தெடுக்கிறது. ஏற்காட்டைப் பற்றி எழுதும்போது 'மலை' வர வேண்டிய இடத்தில் 'மழை' வருவது இப்படித்தான். பனி, பணி; கரை, கறை; அரை, அறை; எரி, எறி; இந்த இணைகளும் அப்படியே. சொல்திருத்தி இவற்றைப் பிடிக்காது, ஏனென்றால் இரண்டுமே அகராதியில் உள்ள சரியான சொற்கள்.

இதற்கு வழி, நீங்கள் வழக்கமாகத் தடுமாறும் 15 அல்லது 20 இணைகளைத் தனிக் கோப்பில் எழுதி வைப்பது. கட்டுரை முடிந்ததும் ஒவ்வொன்றையும் 'தேடு' பெட்டியில் இட்டு, அது வரும் வாக்கியத்தைப் படித்துப் பாருங்கள். 600 சொல் கட்டுரைக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. பிறகு எழுத்துருவையும் அளவையும் மாற்றி, கடைசிப் பத்தியிலிருந்து முதல் பத்தி நோக்கிப் படியுங்கள். எழுதிய வரிசையிலேயே படித்தால், என்ன எழுத நினைத்தோமோ அதையே கண் படிக்கும், எழுதியிருப்பதைப் படிக்காது.

ஒற்று இன்னும் கவனம் கேட்கும். 'வேலை கொடுத்தான்' என்றால் பணி கொடுத்தான். 'வேலைக் கொடுத்தான்' என்றால் வேலாயுதத்தைக் கொடுத்தான். கைப்பேசியின் சொல் பரிந்துரைப் பட்டை ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாகத் தருவதால், இரண்டு சொல் சேரும் இடத்தில் பிறக்கும் க், ச், த், ப் பெரும்பாலும் விழுந்துவிடுகிறது. அதேபோல 'வந்துவிட்டான்' என்பது 'வந்து விட்டான்' ஆகி, வந்த ஆள் எதையோ விட்டதுபோலப் படிக்க வைக்கிறது. இவை அழகுப் பிழைகள் அல்ல, பொருளையே மாற்றுகிறவை.

பார்க்கச் சரியாக இருக்கிறதே என்று விட்டுவிடுவது

திரையில் ஒன்றுபோலத் தெரியும் எழுத்துகள் உள்ளே வேறு வேறாக இருக்கலாம். இதை அறியாதவர்களின் கட்டுரைகள் தேடலில் காணாமல் போகின்றன.

முதல் குற்றவாளி, ரகர ஒற்றின் இடத்தில் வரும் துணைக்கால். 'அவர்கள்' என்பதை 'அவா்கள்' என்று இட்டாலும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றாகவே தெரியும். கணினிக்கு அவை இரண்டு வேறு சொற்கள். பழைய எழுத்துருக் கோப்புகளை மாற்றும்போது இந்தப் பிழை கூட்டமாக நுழைகிறது. துணைக்காலின் மேல் புள்ளி வரும் சொல் தமிழில் கிடையாது. எனவே தவறான சொல்லிலிருந்து அந்த இரண்டு குறிகளையும் நகலெடுத்துத் தேடு பெட்டியில் இட்டு, 'ர்' என்று மொத்தமாக மாற்றிவிடலாம். ஆபத்தில்லை.

ஔகாரத்தில் அப்படி மொத்தமாக மாற்றக் கூடாது. 'ஔவை' என்பதைப் பலர் ஒ, ள என்று இரண்டு எழுத்தாகத் தட்டுகிறார்கள். 'கௌரவம்' இதேபோல 'கெளரவம்' ஆகிறது. இதைச் சரிசெய்கிறேன் என்று எல்லா 'கெள'வையும் 'கௌ' ஆக்கினால், மேட்டூர் கெளுத்தி மீன் சிதைந்துபோகும். 'ஒள'வை மாற்றினால் ஒளி, ஒளிபரப்பு எல்லாம் கெடும். ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும்.

பழைய கோப்புகளையும் அச்சகத்தையும் ஒரே கண்ணால் பார்ப்பது

2000-க்கு முன்னும் பின்னும் எழுதியவர்களிடம் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் ஏராளமாக இருக்கின்றன. அவற்றுள் தமிழ் எழுத்து இல்லை என்பதைப் பலர் அறிவதில்லை. பாமினியில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து விசைகளை அடித்தால் 'தமிழ்' என்று தெரியும். கோப்பில் பதிவாவது அந்த ஐந்து ஆங்கிலக் குறிகள்தாம். எழுத்துரு அவற்றின்மேல் தமிழ் உருவத்தைப் போர்த்துகிறது. எழுத்துரு இல்லாத கைப்பேசியில் திறந்தால் போர்வை விலகி ஆங்கிலக் குப்பை மட்டும் நிற்கும்.

இப்படிப்பட்ட கோப்பை, தமிழ் எழுத்துகளுக்கென்றே தனிக் குறியெண்கள் உள்ள யூனிகோடு முறைக்கு மாற்றும்போது நேரும் பெரிய சேதம், கட்டுரைக்குள் உண்மையாகவே ஆங்கிலத்தில் இருந்த பெயர்களும் முகவரிகளும் தமிழ்க் குழப்பமாக மாறிவிடுவது. மாற்றும் கருவிக்கு எது தமிழ், எது ஆங்கிலம் என்று பிரித்தறியத் தெரியாது. ஆகவே முதலில் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, ஆங்கிலப் பகுதிகளை வெட்டி, அந்த இடங்களில் எண் குறியிட்டு, பிறகு மாற்றி, கடைசியில் அவற்றைத் திரும்ப ஒட்டுங்கள். மாற்றிய கோப்பை நோட்பேடில் சேமித்தால் குறியாக்கம் ('என்கோடிங்') யூடிஎஃப்-8 என்று இருக்கட்டும். 'ஆன்சி' என்று இருந்துவிட்டால் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாகிவிடும். அதைத் திரும்பப் பெற வழியே இல்லை.

அச்சகம் வேறு சிக்கல். பேஜ்மேக்கரில் பக்கம் அமைக்கிற இடங்கள் இன்னும் இருக்கின்றன. அந்த மென்பொருள் யூனிகோடை ஏற்காது. இன்டிசைனில் ஏற்கும், ஆனால் பத்தி அமைப்பில் 'வேர்ல்ட்-ரெடி' கம்போசர் என்ற தேர்வைத் தேர்ந்தெடுக்காவிட்டால் ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் எழுத்துக்கு முன்னால் போகாமல் பின்னால் நிற்கும். ஊரில் பார்க்கும் பல ஃபிளெக்ஸ் பேனர்களில் கொம்பு இடம் மாறிக் கிடப்பதற்கு இதுபோன்ற அமைப்புக் கோளாறே காரணம். கொடுக்கும் முன் எந்த மென்பொருள், எந்த எழுத்துரு என்று கேட்டுவிடுங்கள். பிடிஎஃப் மட்டும் அனுப்பாதீர்கள்; அதிலிருந்து தமிழை நகலெடுத்தால் பெரும்பாலும் எழுத்து வரிசை கலைந்துவிடும். திருத்தக்கூடிய கோப்பு, ஒப்பிட்டுப் பார்க்க பிடிஎஃப் என்று இரண்டும் போகட்டும்.

இந்தத் தொல்லைகளுக்குப் பயந்து எழுத்தையே படமாக்கிப் பகிர்கிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் தேடலில் அது அகப்படாது. திரைவாசிப்பான் வைத்துப் படிக்கும் பார்வையற்ற வாசகருக்குப் போய்ச் சேரவும் வாய்ப்புக் குறைவு. படம் போட்டாலும் அதே வாசகத்தை எழுத்தாகவும் கீழே இடுவதே நியாயம்.

எழுத்தைக் கண்ணால் எண்ணுவது

கடைகளுக்குக் குறுஞ்செய்தி எழுதுகிறவர்களுக்கு இது பணக் கணக்கு. ஆங்கிலச் செய்தியில் 160 குறிகள் வரை ஒரு செய்தி. ஒரே ஒரு தமிழ் எழுத்து நுழைந்தாலும் அந்த அளவு 70 ஆகிவிடும். தமிழில் உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுகின்றன. 'சேலம்' கண்ணுக்கு மூன்று எழுத்து, கணக்கில் ஐந்து. 'ஏற்காடு' நான்கு, கணக்கில் ஏழு. 'வெள்ளிக்கொலுசு' ஏழு, கணக்கில் 14. 71 ஆனதும் செய்தி இரண்டாகப் பிரியும். பிரிந்தால் ஒவ்வொரு துண்டுக்கும் 67-தான். பல்லாயிரம் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் கடைக்குக் கட்டணம் இரட்டிப்பாகும். வணிகச் செய்தியின் வாசகத்தை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும் என்பதால், பதிவுக்குப் பிறகு 'ஒரு சொல்தானே' என்று மாற்றினாலும் செய்தி போகாமல் நின்றுவிடும். எனவே எண்ணிப் பார்ப்பது பதிவுக்கு முன்னால் நடக்க வேண்டும்.

இணையத்திலிருந்து எடுத்து இணையத்துக்கே கொடுப்பது

'ஏற்காடு சேலம் மாவட்டத்தில் அமைந்துள்ள ஒரு மலை வாசஸ்தலமாகும்' என்று தொடங்கும் பக்கங்களுக்குக் கணக்கில்லை. மொழிபெயர்ப்புக் கருவியும் செயற்கை நுண்ணறிவும் இப்படித்தான் எழுதித் தருகின்றன: எல்லாவற்றுக்கும் முன்னால் 'ஒரு', முடிவில் 'ஆகும்', நடுவில் 'செய்யப்படுகிறது'. படிக்கிறவர் முதல் வரியிலேயே விலகிவிடுகிறார். அவருக்குத் தேவை, அடிவாரத்திலிருந்து ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன, குப்பனூர் வழியாக இன்னொரு பாதையும் உண்டு, சிறுபிள்ளைகளோடு வருகிறவர்கள் வளைவு தொடங்கும் முன் வண்டியை நிறுத்தி இளைப்பாறிக்கொள்வது நல்லது என்பது போன்ற செய்தி. கருவி தந்த வரைவைத் திருத்துவதைவிட, வாசகர் கேட்கக்கூடிய ஐந்து கேள்விகளை எழுதி வைத்துக்கொண்டு அவற்றுக்கு நாமே பதில் எழுதுவது விரைவாக முடியும்.

பழைய நூல்கள் வருடல் (ஸ்கேன்) பிரதிகளாக இணையத்தில் கிடைப்பது பெரிய கொடை. லீ ஃபானுவின் சேலம் மாவட்டக் கையேடு 1883-இல் வந்தது; ரிச்சர்ட்ஸின் கெசட்டியர் என்னும் மாவட்ட விவரத் தொகுப்பு 1918-இல். ஆனால் அவற்றிலுள்ள 'சேலம் மாவட்டம்' இன்றைய மாவட்டம் அல்ல. ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி எல்லாம் அதற்குள் அடக்கம். தருமபுரி பிரிந்தது 1965-இல், நாமக்கல் 1997-இல். ஆகவே 1961 கணக்கெடுப்பின் சேலத்தையும் 2011 கணக்கெடுப்பின் சேலத்தையும் பக்கத்தில் வைத்து 'மக்கள்தொகை குறைந்தது' என்றோ, 'மாந்தோப்புகள் அழிந்தன' என்றோ எழுதினால் அது பொய்யாகிவிடும். எந்த ஆண்டின் எண் என்று குறிப்பதோடு, அந்த ஆண்டில் எல்லை எதுவரை இருந்தது என்பதையும் ஒரு வரியில் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் ஊர் வரலாறுகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன.

உரிமையை வாய்ப்பேச்சில் விடுவது

'அனுப்பிவிடுங்கள், போட்டுவிடுகிறோம்' என்ற ஒரு வாட்ஸ்அப் வரியை நம்பிக் கட்டுரை கொடுப்பவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் எழுதுபவருக்கு நல்ல பாதுகாப்பைத் தருகிறது. உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டமே கொள்கிறது. உரிமை பெற்றவர் ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, அது எழுதியவரிடமே திரும்பும். 2012 திருத்தத்துக்குப் பின், கையெழுத்திடும் நாளில் இல்லாத ஊடகத்துக்கான உரிமை, ஒப்பந்தம் அதை வெளிப்படையாகச் சொன்னாலொழிய, போய்விடாது.

சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர் நிலை வேறு. பணியின் பகுதியாக எழுதியதன் முதல் உரிமை பொதுவாக நிறுவனத்துக்கு. நாளிதழ், வார இதழ் ஊழியருக்கு மட்டும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், இதழ் வெளியீடு தவிர்ந்த உரிமைகள் அவரிடமே தங்கும். செய்திகளைப் பின்னாளில் நூலாக்க நினைப்பவர் பணியில் சேரும்போதே ஒப்பந்தத்தில் இந்தப் பகுதியைப் படித்துவிட வேண்டும்.

தனியாக எழுதிக் கொடுப்பவர் பெற வேண்டியது அரைப் பக்கத் தாள்: எந்தப் படைப்பு, எந்த வடிவம் (அச்சு, இணையம், ஒலி, காணொளி தனித்தனியாக), எத்தனை ஆண்டு, எந்த எல்லை, எவ்வளவு தொகை, எந்தத் தேதிக்குள். இரு தரப்பும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொண்ட பிறகு கோப்பை அனுப்புங்கள்.