தொட்டிச் சுவரில் நுரை தெரிந்தால் கழுவிவிடாதீர்கள்

ஐப்பசி மழை பெய்த மறுநாள் காலையில், செடிக்குத் தண்ணீர் எடுக்கும் சிமெண்ட் தொட்டியின் உள்சுவரில் கைப்பிடியளவு வெள்ளை நுரை அப்பியிருந்தால் விளக்குமாற்றை எடுக்காதீர்கள். அழகர்கோவில் போகும் வழியில் எங்கள் வீடு. முதல் தடவை சோப்பு நுரை என்று நினைத்துத் தேய்த்துவிட்டேன். கையில் கடுகளவு வெளிறிய முட்டைகள் ஒட்டின. இன்றும் மனசு உறுத்துகிறது.

அது தேரையின் கூடு. குளியலறைச் சுவரில் காலை மடக்கி ஒட்டிக்கொண்டிருக்குமே, அந்தப் பழுப்பு மரத்தவளை. அறிவியல் பெயர் பாலிபெடேட்ஸ் மாகுலேட்டஸ். விரல் நுனியில் பொட்டு வைத்ததுபோல வட்டம், தொடையின் பின்பக்கம் மஞ்சள் புள்ளிகள். முதல்நாள் ராத்திரி 'டக் டக் டக்' என்று கேட்டிருக்கும். பெண் தேரை தன் உடம்பில் சுரக்கும் திரவத்தைப் பின்னங்காலால் அடித்து அடித்து நுரையாக்கி, அதற்குள் முட்டையிடும். மேலே காய்ந்து ஏடு கட்டும். உள்ளே ஈரம் நிற்கும்.

தேரை பாய்ந்தால் பிள்ளை தேய்ந்துபோகும் என்று மாமியார் பயந்தார். பிள்ளை மெலிவது சத்துக் குறைவாலும் நோயாலும்தான். தேரை பூச்சி தின்று பிழைக்கிறது.

சரி, செய்ய வேண்டியது இதுதான். நுரை முங்கும் அளவுக்குத் தண்ணீர் ரொப்பக்கூடாது, அடியில் வற்றவும் விடக்கூடாது. நாலைந்து நாளில் நுரை இளகும். அப்போது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்: அடிப்பக்கம் கூழாகி, ஒவ்வொரு சொட்டோடும் ஒரு தலைப்பிரட்டை நழுவி விழும். விழுந்ததும் ஒரு நொடி அசையாமல் கிடந்து, பிறகு வாலை வெட்டி நீந்தும்.

அப்புறம் பிளீச்சிங் பவுடர் வேண்டாம். பாசியைச் சுரண்டாதீர்கள், அதுதான் அவற்றின் சாப்பாடு. மீன் விட்டால் குஞ்சுகளைத் தின்றுவிடும். கொசுப்புழு தெரிந்தால் டீ வடிகட்டியால் அள்ளி மண்ணில் கொட்டுங்கள். வாளியில் மொள்ளும்போது குஞ்சு வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஊற்றுங்கள். குடிதண்ணீர்த் தொட்டியை மட்டும் எப்போதும் மூடியே வையுங்கள்.

கால் முளைத்ததும் ஒரு தென்னை மட்டையைச் சாய்த்து வைத்தால் ஏறிவர வசதி. போன வருஷம் நகத்தளவில் ஒன்று, வால் இன்னும் மிச்சமிருக்க, மட்டையில் உட்கார்ந்திருந்தது. மறுநாள் மட்டையும் காலி, தண்ணீரிலும் ஒன்றுமில்லை. அன்றைக்குத்தான் தொட்டியைக் கழுவினேன்.