எழுத்துக்கூட்ட வராத பிள்ளைக்கு இன்னொரு டியூஷன் போதாது

தண்டையார்பேட்டையில் என் வீட்டு மாடியில் சாயங்காலம் ஆறேழு பிள்ளைகளுக்கு வாசிப்புப் பயிற்சி கொடுக்கிறேன். இங்கே வருகிற அம்மா அப்பாக்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று டியூஷன் மாற்றிவிட்டுத்தான் வருவார்கள். எல்லா இடத்திலும் ஒரே வைத்தியம், தப்பாக எழுதிய சொல்லைப் பத்து தடவை எழுது. டிஸ்லெக்சியா, அதாவது வாசிக்கவும் எழுத்துக்கூட்டவும் சிரமப்படுத்துகிற கற்றல் குறைபாடு, உள்ள பிள்ளை அந்தப் பத்தையும் அழகாகப் பார்த்து வரைந்துவிடும், மறுநாள் அதே சொல்லைக் காட்டினால் முழிக்கும்.

காசிமேட்டிலிருந்து ஒரு பையன் வந்தான், நாலாம் வகுப்பு. முதல் நாள் தமிழ்ப் புத்தகத்தைத் திறந்து ஒரு பக்கத்தை மடமடவென்று வாசித்துக் காட்டினான். விரல் வரி மேல் போகிறது, கண் மட்டும் ஃபேனைப் பார்க்கிறது. நிறுத்தி, நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு, இது என்னப்பா என்றேன். பாட்டு மறந்தவர்கள் பல்லவியிலிருந்து பிடிப்பார்களே, அப்படி முதல் வரிக்கே போய் ஆரம்பித்தான். அக்கா படிப்பதைக் கேட்டே மொத்தப் பாடமும் மனப்பாடம். இவ்வளவு ஞாபகசக்தி உள்ள பிள்ளையைத்தான் மக்கு என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

ஆக, வீட்டில் முதல் சோதனை இது: பிள்ளை பார்த்திராத பக்கத்தைக் கொடுங்கள், அங்கங்கே ஒரு சொல்லைத் தொட்டுக் கேளுங்கள்.

இரண்டாவது சோதனைக்குப் புத்தகமே வேண்டாம். டிஸ்லெக்சியா கண் கோளாறு இல்லை, புத்தி மட்டு என்பதும் இல்லை. பேச்சில் கலந்திருக்கும் ஒலிகளைத் தனித்தனியாகப் பிரித்து எழுத்தோடு ஒட்டுகிற வேலைதான் மூளைக்குச் சிரமமாகிறது. அதனால் காதுக்கு ஒரு விளையாட்டு வையுங்கள். ‘வலை’யில் வ-வை எடுத்துவிட்டு த போட்டால் என்ன? தலை. ம போட்டால்? மலை. அப்புறம் அலை, இலை, கலை என்று போய்க்கொண்டே இருக்கலாம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பலர் நாலைந்து முயற்சியில் பிடித்துக்கொள்வார்கள். நம்ம பையன் “வலைன்னா வலைதான மிஸ், அத எதுக்கு மாத்தணும்?” என்று கேட்டான். நியாயமான கேள்விதான், ஆனால் அவன் காதில் ‘வலை’ ஒரே கட்டியாக விழுகிறது என்பது எனக்குப் புரிந்துவிட்டது.

எதைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்பதும் முக்கியம். ழ, ள, ல குழப்பத்தை வைத்து முடிவு கட்டினால் சென்னையில் பாதிப் பேருக்கு டிஸ்லெக்சியா என்று சொல்லவேண்டி வரும். குதிரையைக் குருத என்று சொல்வதும் ஊர்ப் பேச்சுதான். புத்தகத்தில் ‘வந்தது’ என்று இருப்பதை ‘வந்துச்சு’ என்று வாசித்தால் சந்தோஷப்படுங்கள், பொருள் புரிந்து வாசிக்கிறது. ஆறேழு வயது வரை ஆங்கில b, d எழுத்துகளைத் திருப்பிப் போடுவதும் சகஜம். மூன்றாம் வகுப்புக்கு வந்தும் கெ, கே, கொ, கோ கலங்குவது, ஒவ்வொரு சொல்லிலும் முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகிப்பது, நேற்று வாசித்த சொல் இன்று புதிதாகத் தெரிவது, வாயால் அருமையாகப் பதில் சொல்லிவிட்டு எழுதச் சொன்னால் வயிற்றுவலி என்பது, இவையெல்லாம் சேர்ந்து பல மாதம் தொடர்ந்தால்தான் கவலை. தமிழில் தட்டுத்தடுமாறியாவது வாசித்துவிட்டு ஆங்கிலத்தில் அடியோடு சரிந்துபோகிற பிள்ளைகளும் உண்டு. தமிழில் எழுத்தும் ஒலியும் ஓரளவு ஒத்துப்போகும், ஆங்கிலத்தில் அந்தச் சலுகை கிடையாது. மெட்ரிக் ஸ்கூல் மீடியம்தான் காரணம் என்று நினைத்து ஸ்கூலை மாற்றுவதற்கு முன் இதை யோசியுங்கள்.

இது குடும்பத்தில் வரக்கூடியது. நான் விளக்கிக்கொண்டிருக்கும்போது பையனின் அப்பா மெதுவாக, “எனக்கும் இப்டித்தான் மேடம், எட்டாவதோட நின்னுட்டேன்” என்றார். அதற்கப்புறம் அவர் பையனைத் திட்டவில்லை.

முதலில் கண்ணையும் காதையும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள், நமக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது. அடிக்கடி லீவு போட்டதாலோ சரியாகச் சொல்லிக்கொடுக்காததாலோ பின்தங்கிய பிள்ளையா என்றும் பாருங்கள். முறையான மதிப்பீட்டை உளவியலாளர் செய்வார். கற்றல் குறைபாட்டுச் சான்றிதழ் 8 வயதுக்கு மேல்தான் தருவார்கள், ஆனால் பயிற்சி தொடங்க அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

சரி, பயிற்சி எப்படி? ஆர்ட்டன், கில்லிங்ஹாம் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1930களில் வகுத்த வழிதான் பல முறைகளுக்கு மூலம்: கண், காது, வாய், கை எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்யவேண்டும், எளிதிலிருந்து கடினத்துக்குப் படிப்படியாகப் போகவேண்டும். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் விரலால் எழுதி உரக்கச் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதானே. நான் எவர்சில்வர் தட்டில் ரவை பரப்பிக் கொடுக்கிறேன். அ, ஆ வரிசையில் போவதில்லை. ட, ப, ம மூன்றும் புள்ளியும் தெரிந்தால் படம், மடம், பட்டம், மட்டம் என்று முதல் வாரமே சொல் வாசிக்கலாம். ர சேர்ந்ததும் மரம் வந்துவிடும். 247 எழுத்தையும் முடித்த பிறகுதான் சொல் என்றால் பிள்ளை அதற்குள் வெறுத்துவிடும்.

கொம்பு எழுத்துகளை ரொம்ப மெதுவாக எடுக்கவேண்டும். ‘கொ’வில் கண் முதலில் கொம்பைப் பார்க்கிறது, வாயோ க-வில் ஆரம்பிக்க வேண்டும், இந்த முன்பின் குழப்பத்திலேயே பல பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள். கொம்பு ஒரு நிறம், க ஒரு நிறம், கால் ஒரு நிறம் என்று அட்டையில் வெட்டி, கையால் நகர்த்திச் சேர்க்க வைப்பேன். அந்தப் பையனுக்கு கொ, கோ மட்டும் மூன்று வாரம் ஆனது. நடுவில் ஒருநாள் அவனே ‘கொடுவா’ என்று மீன் பெயரைச் சேர்த்துக் காட்டினான், அதற்கப்புறம் வஞ்சிரம், சங்கரா, நெத்திலி என்று எங்கள் பாடம் மீன் மார்க்கெட்டாகிவிட்டது.

வீட்டில் தினமும் 20 நிமிடம் போதும், பசியோடு வேண்டாம். அதோடு நீங்கள் ஒரு கதை வாசித்துக் காட்டுங்கள், வாசிப்பு தாமதமானாலும் சொல்வளம் நிற்கக்கூடாது. உங்களுக்கே வாசிப்பு கஷ்டம் என்றால் வாயால் கதை சொல்லுங்கள், அதுவும் வேலை செய்யும்.

பயிற்சியாளரைத் தேடும்போது, என் பிள்ளை எந்த இடத்தில் தடுக்குகிறது, அடுத்த மாதம் எதைச் சொல்லித்தரப் போகிறீர்கள் என்று கேளுங்கள். ஹோம்வொர்க் முடித்துத் தருகிறோம் என்பவர் நல்ல டியூஷன் ஆசிரியராக இருக்கலாம், நமக்கு வேண்டியவர் அவர் இல்லை. ஒரே நேரத்தில் இருபது பிள்ளை என்றாலோ, 30 நாளில் குணம், கலர் கண்ணாடி, ஞாபக டானிக் என்றாலோ திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். தி.நகரில் இருக்கும் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் இந்த வேலையைப் பல வருடமாகச் செய்கிறது. நம்ம பக்கத்திலிருந்து தூரம்தான், இருந்தாலும் ஒருமுறை போய்ப் பேசலாம்.

ஸ்கூலில் இரண்டு விஷயம் கேளுங்கள்: திடீரென்று எழுப்பி உரக்க வாசிக்கச் சொல்லவேண்டாம், போர்டில் இருப்பதை முழுதும் எழுதி முடிக்கும்வரை இன்டர்வெல்லுக்கு விடாமல் உட்கார வைக்கவேண்டாம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் கற்றல் குறைபாடும் சேர்ந்திருக்கிறது, எனவே இது தயவு கேட்பது இல்லை. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளுக்குச் சான்றிதழ் வேண்டும், அதை 14 வயதிலும் 18 வயதிலும் புதுப்பிக்கவேண்டும். பத்தாவது பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஓடாதீர்கள். ஒன்பதாம் வகுப்பிலேயே தலைமை ஆசிரியரிடம் கேட்டு, ஒவ்வொரு காகிதத்துக்கும் இரண்டு ஜெராக்ஸ் எடுத்து ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள்.