சாக்கெட்டில் தீக்குச்சி: கிறிஸ்துமஸ் சீசனில் வீடு தீப்பிடிக்க வைக்கும் தவறுகள்

திரைச்சீலை ஓரத்தில் மெழுகுவத்தி ஏற்றக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். அதைச் சொல்ல ஒரு கட்டுரை வேண்டாம். டிசம்பர் பிறந்ததும் புதுச்சேரி மிஷன் வீதியிலிருந்து கடலூர் முதுநகர் வரை மாடிக்கு மாடி நட்சத்திரம் ஏறுகிறது. அப்போது புதிதாக ஒயரைத் தொடும் கைகள் வருஷா வருஷம் செய்கிற தவறுகள்தான் இங்கே. இன்றைக்குத் தேர்ந்த எலக்ட்ரீஷியன்களும் ஒரு காலத்தில் செய்தவைதான் இவை.

பிளக் இல்லாத ஒயரைச் சாக்கெட்டில் சொருகுவது

சீரியல் செட்டின் பிளக் உடைந்திருக்கும். அல்லது நட்சத்திரத்துக்கு வாங்கிய ஒயரில் பிளக்கே இருக்காது. இரண்டு முனையையும் பல்லால் கடித்து உரித்து, சாக்கெட் ஓட்டையில் விட்டு, நழுவாமல் இருக்கத் தீக்குச்சியைச் செருகி இறுக்குவார்கள். கேட்டால், "பத்து நாளைக்குத்தானே அண்ணே" என்பார்கள். எங்கே பத்து நாள்? டிசம்பர் 1-ல் தொங்கவிட்டதை மூன்று ராஜாக்கள் திருநாளான ஜனவரி 6 கழிந்துதான் இறக்குவார்கள். 37 இரவு.

சாக்கெட்டுக்குள் இருக்கும் பித்தளைத் தகடு, உருண்டையான பின்னைக் கவ்வுவதற்காகச் செய்தது. நூல் மாதிரியான செம்பு இழைகளை அது கவ்வாது. நாலைந்து இழைதான் தொட்டுக்கொண்டிருக்கும். தொடும் இடம் சிறுத்தால் மின்தடை கூடும், தடை கூடினால் சூடு. சூட்டில் தகடு தளரும், செம்பு கறுக்கும், தடை இன்னும் ஏறும். நம் கடலோரத்தில் உப்புக்காற்றும் மார்கழி ஈரமும் வேறு; உரித்த செம்பு சீக்கிரமே பச்சைக் களிம்பு பிடித்துவிடும்.

நட்சத்திரம் ஒன்று மட்டும் என்றால் மின்னோட்டம் சொற்பம். ஆனால் அதே ஒயரின் மறுமுனையில் பல சாக்கெட் உள்ள ஒரு ஜங்ஷன் பாக்ஸ் வந்து சேரும். அதில் பாட்டுப் பெட்டி, ஃபோகஸ் லைட், கடைசியில் புதுத்துணிக்கு இஸ்திரிப் பெட்டி. 750 வாட் இஸ்திரிப் பெட்டி ஒன்றே 3 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். தளர்ந்த இடத்தில் 5 வோல்ட் விழுந்தாலே 15 வாட் சூடு. ஈயம் பற்றவைக்கும் சின்ன சால்டரிங் அயர்னின் சூடு அது, கடுகளவு இடத்தில், பிளாஸ்டிக்குக்கு நடுவில். ஒட்டினாற்போல் தீக்குச்சி. வீட்டைக் கொளுத்தத் திட்டம் போட்டாலும் இவ்வளவு பொருத்தமாக அமையாது.

"எம்.சி.பி. இருக்கே, விழுந்துடாதா?" எம்.சி.பி. என்பது மின்னோட்டம் அளவு மீறினால் தானே அணைந்துவிடும் சுவிட்ச். இங்கே அது விழாது. எத்தனை முறை சொன்னாலும் ஏறாத சங்கதி இது. 6 ஆம்பியர் எம்.சி.பி.க்கு 3 ஆம்பியர் ஓடுவது மட்டும்தான் தெரியும். ஓடும் வழியில் எங்கே சூடாகிறது என்பது தெரியாது. மின்சாரம் தரைக்குக் கசிந்தால் அணைக்கும் ஆர்.சி.சி.பி.யும், இங்கே கசிவு இல்லாததால், சும்மா இருக்கும். உறை உருகி இரண்டு கம்பியும் ஒட்டிக்கொண்ட பிறகே டிரிப் ஆகும். அதற்குள் தீ வெளியே வந்திருக்கும்.

செய்ய வேண்டியது கால் மணி நேர வேலை. ஒரு பிளக் டாப் வாங்குங்கள். இழைகளை அறுக்காமல் 1 சென்டிமீட்டர் உரித்து, முறுக்கி, இரண்டாக மடித்து, திருகு இறுகும் திசையிலேயே வளைத்து இறுக்குங்கள். முனையில் ஈயம் பற்றவைத்துவிட்டுத் திருகுவது கெட்டிக்காரத்தனம் போலத் தோன்றும். அழுத்தத்தில் ஈயம் மெல்ல நசுங்கி, திருகு தளர்ந்துவிடும். ஒயரின் வெளியுறை பிளக்குக்குள் கிளாம்பின் கீழே பிடிபட வேண்டும், இழுத்தால் பாரம் திருகில் விழக் கூடாது. நடுவில் ஒட்டு தவிர்க்க முடியாவிட்டால் திருகு கனெக்டர் போடுங்கள். சாரல் படும் இடத்தில் ஒட்டே வேண்டாம்.

அரை மணி நேரம் எரியவிட்டு, சுவிட்சை அணைத்து, பிளக்கைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் பிரித்து மறுபடி மாட்டுங்கள். சாக்கெட் கறுத்திருந்தால் சாக்கெட்டையே மாற்றுங்கள்.

எரியாத பல்பை வெட்டிவிட்டுக் கம்பியை முறுக்குவது

பழைய இழை பல்பு செட்டில் 6 வோல்ட் பல்புகள் 38 சேர்ந்துதான் 230 வோல்ட்டைப் பங்குபோடுகின்றன. ஐந்தை வெட்டினால் மீதி 33-க்கும் தலைக்கு 7 வோல்ட். முன்னைவிடப் பளிச்சென்று எரியும், கூடவே சூடும் ஏறும். குடில் வைக்கோலில் படுத்திருக்கும் பல்புக்கு அந்தச் சூடு ஆகாது. எல்.இ.டி. செட்டுக்கு மாறுங்கள், அப்போதும் ஒயரை வைக்கோலுக்கு அடியில் புதைக்காதீர்கள்.

காகித நட்சத்திரத்துக்குள் 60 வாட் குண்டு பல்பு

5 முதல் 9 வாட் எல்.இ.டி. போதும்.

சவுக்குக் கிளையைக் காயவிடுவது

கடலூர்ப் பக்கம் மரம் என்றால் பல வீடுகளில் சவுக்குக் கிளைதான். வெட்டிய அன்று பச்சையாக இருப்பது, உலர்ந்த மணல் வாளியில் நின்றால் திருநாளுக்குள் விறகாகிவிடும். மணலை ஈரமாக வையுங்கள், தினம் ஒரு செம்புத் தண்ணீர். அது காய்வதைத் தள்ளிப்போடுமே தவிர நிறுத்தாது. கிளையை உருவிப் பாருங்கள். ஊசி உதிர்ந்தால் அன்றே விளக்கைக் கழற்றி, கிளையை வெளியே போடுங்கள்.

எரியவிட்டுவிட்டு நடுநிசிப் பூசைக்குப் போவது

அணைத்துவிட்டுப் போங்கள். குடில் மெழுகுவத்தியும்தான்.

மெயினை அணைத்தால் போதும் என்று நினைப்பது

மழையில் கரண்ட் போகும் என்று நட்சத்திரத்தை இன்வெர்ட்டர் லைனில் கொடுத்திருப்பார்கள். மெயினை இறக்கினால் இன்வெர்ட்டர் அதைக் கரண்ட் போனதாக எடுத்துக்கொண்டு, அந்த லைனுக்குத் தொடர்ந்து மின்சாரம் கொடுக்கும். புகை வந்தால் இரண்டையும் அணைக்க வேண்டும். அதன் பிறகுதான் தண்ணீர். அழைக்க 101 அல்லது 112.

எரியும் எண்ணெயில் தண்ணீர் ஊற்றுவது

அச்சு முறுக்கு, கலகலா சுடும் நாளில் கடாயில் பாதிக்குமேல் எண்ணெய் வேண்டாம். புகைய ஆரம்பித்தால் அடுப்பை அணையுங்கள். தீயே பிடித்துவிட்டால் அடுப்பை அணைத்து, உலோக மூடியை ஓரத்திலிருந்து நகர்த்தி மூடுங்கள்; ஆறும் வரை திறக்காதீர்கள், கடாயைத் தூக்காதீர்கள். தண்ணீர் எண்ணெயின் அடிக்கு இறங்கி, சட்டென்று ஆவியாகி, சுமார் 1,700 மடங்கு விரியும். எரியும் எண்ணெய் கூரை வரை தெறிக்கும்.

கேக் சுடும் 1,600 வாட் ஓவன் 7 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் ஜங்ஷன் பாக்ஸில் மாட்டாதீர்கள். 16 ஆம்பியர் பவர் பாயிண்டில் நேராக மாட்டுங்கள்.

கேக்குக்கு ரம் ஊற்றுவதாக இருந்தால் அடுப்பை அணைத்துவிட்டு ஊற்றுங்கள். புதுச்சேரியில் இதைத் தனியாகச் சொல்லவேண்டியிருக்கிறது.

கீற்றுக்கூரை இருக்கும் தெருவில் ராக்கெட்

வேண்டாம்.