வால்வு ஹெட்போன் ஆம்பில் ஒரு பக்கம் மட்டும் ஊமையானால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் கல்லூரிப் பையன் ஒருவன், தானே செய்த வால்வு ஹெட்போன் ஆம்பை, அதாவது கண்ணாடி வால்வை வைத்துப் பாட்டின் ஒலியைப் பெருக்கி ஹெட்போனுக்குத் தரும் பெட்டியை, துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். "அண்ணா, லெஃப்ட்ல சத்தமே வரல. வேற ஹெட்போன் போட்டும் பாத்துட்டேன்" என்றான். அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் எனக்குப் பகீரென்றது. பல வருடங்களுக்கு முன் நானும் அதையேதான் செய்தேன்.

கேபிள் கழன்றது, வால்யூம் குறைந்தது போன்றவற்றை நீங்களே பார்த்திருப்பீர்கள். நேராக விஷயத்துக்கு வருகிறேன். என் ஆம்பில் ஒரே ஒரு வால்வு, 12ஏயு7 என்ற வகை. அதன் ஒரு பாதி இடது சேனலுக்கு, மறு பாதி வலதுக்கு. பின்னால் சேனலுக்கு ஒரு ஐஆர்எஃப்510 மாஸ்ஃபெட் (ஒரு வகை டிரான்சிஸ்டர்), ஒரு 470 மைக்ரோஃபேரட் அவுட்புட் கெப்பாசிட்டர். சப்ளை 24 வோல்ட். பையனுடையதும் ஏறக்குறைய இதே சர்க்யூட்தான்.

வேறு ஹெட்போனைச் செருகிப் பார்ப்பது

மாஸ்ஃபெட்டில் பாட்டு வெளியே வரும் சோர்ஸ் காலில் எந்நேரமும் 12 வோல்ட் அளவுக்கு டிசி, அதாவது திசை மாறாத வோல்ட்டேஜ், நிற்கும். அதைத் தடுத்துப் பாட்டை மட்டும் ஹெட்போனுக்கு விடுவது அவுட்புட் கெப்பாசிட்டர். பிளஸ் கால் மாஸ்ஃபெட் பக்கம், மைனஸ் கால் ஹெட்போன் பக்கம். நான் இடது சேனலில் அதைத் திருப்பிப் பற்றவைத்திருந்தேன். இப்படிப் பிளஸ், மைனஸ் உள்ள எலக்ட்ரோலைட்டிக் வகைக் கெப்பாசிட்டரைத் தலைகீழாக மாட்டினால் டிசியைத் தடுக்காது, கசியவிடும்.

முதலில் பாட்டு கேட்டது. இரண்டாவது பாட்டு முடிவதற்குள் இடது பக்கம் கரகரத்து அடங்கியது. ஹெட்போன்தான் போச்சோ என்று தங்கையுடையதை வாங்கிச் செருகினேன். கொஞ்ச நேரத்தில் அதுவும் அடங்கியது. காது மெத்தையைக் கழற்றி முகர்ந்தால் கருகிய வார்னிஷ் வாசம்.

அப்புறம்தான் ஜாக்கில் ஒரு 33 ஓம் ரெசிஸ்டரைப் போட்டு மீட்டர் வைத்தேன். 4 வோல்ட் டிசி! 32 ஓம் ஹெட்போனில் அது 125 மில்லிஆம்ப், அரை வாட். நன்றாகச் சத்தமாகக் கேட்கவே சில மில்லிவாட் போதும். அந்த மெல்லிய கம்பிச்சுருள் அரை வாட்டை இடைவிடாமல் எப்படித் தாங்கும்?

"வேற ஹெட்போன் போட்டுப் பாரு" என்று இன்றைக்கும் யாராவது சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. கடையில் வாங்கிய பெட்டிக்கு அது சரி. கையால் செய்த ஆம்புக்கு அப்படியே தலைகீழாகச் செய்ய வேண்டும்: சந்தேகப்படும் ஹெட்போனைக் கொண்டுபோய் மொபைலில் செருகிப் பாருங்கள். ஆம்பில் எதையும் செருகாதீர்கள். ஜாக்கில் நுனி இடது, வளையம் வலது, அடிப்பகுதி கிரவுண்ட். இரு பக்கமும் ஹெட்போனுக்குப் பதிலாக ஆளுக்கொரு 100 ஓம் ரெசிஸ்டரைப் போட்டு டிசியை அளந்து பாருங்கள். ஆன் செய்ததும் மீட்டர் ஒரு கணம் எகிறும், பிறகு இறங்கிச் சில மில்லிவோல்ட்டில் நிற்க வேண்டும். ஒரு நிமிடம் கழித்தும் 50 மில்லிவோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஹெட்போன் பெட்டியிலேயே இருக்கட்டும்.

வால்வின் கால்களை மேலிருந்து எண்ணுவது

வால்வின் அடிப்பக்கம் பார்த்து, கால்களுக்கு நடுவே உள்ள பெரிய இடைவெளியில் தொடங்கி, கடிகார முள் சுற்றும் திசையில் எண்ண வேண்டும்.

6டிஜே8 என்ற வேறு வால்வைச் செருகிப் பார்ப்பது

இரண்டுக்கும் 9 கால்தான், ஆனால் ஹீட்டர் (வால்வைச் சூடாக்கும் இழை) வயரிங் வேறு. வேண்டாம்.

200 வோல்ட் ஆம்பிலும் இப்படியே கை வைப்பது

நான் சொல்வதெல்லாம் 24 வோல்ட்டுக்கு. 200 வோல்ட் ஆம்பில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சப்ளையைச் சீராக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டரில் ஆளைக் கொல்லும் சார்ஜ் நிற்கும். ரெசிஸ்டர் வழியாக வடித்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகுதான் தொட வேண்டும்.

வால்வு எரிகிறதே என்று நகர்ந்துவிடுவது

பையனின் ஜாக்கில் டிசி இல்லை. அவன் ஹெட்போன் இரண்டும் தப்பித்தன. "எதை மாத்தணும்ணா?" என்றான். இன்னும் எதையும் மாற்ற வேண்டாம் என்றேன். ஒழுங்காக ஓடும் சேனல் பக்கத்திலேயே இருக்கிறது. எந்த வோல்ட் சரி என்று அதுவே சொல்லிவிடும். 12ஏயு7-இல் பிளேட்கள், அதாவது ஒவ்வொரு பாதியின் வெளித் தகடுகள், 1, 6-ஆம் கால்களில். ஓடும் பக்கத்தில் 11 வோல்ட். ஊமைப் பக்கத்தில் முழு 24. அதாவது அந்தப் பாதியில் கரன்ட்டே ஓடவில்லை.

ஹீட்டர் சூடானால்தான் வால்வில் கரன்ட் ஓடும். இந்த வால்வில் ஒவ்வொரு பாதிக்கும் தனித்தனி ஹீட்டர்: 4-ஆம் காலுக்கும் 9-ஆம் காலுக்கும் நடுவில் ஒன்று, 5-க்கும் 9-க்கும் நடுவில் இன்னொன்று. 6.3 வோல்ட்டில் ஓட்ட 4, 5 இரண்டையும் சேர்த்துவிடுவார்கள். அவனும் அப்படித்தான் செய்திருந்தான். ஆனால் 5-ஆம் காலில் சால்டர் பிடிக்காமல் உருண்டையாக ஒட்டியிருந்தது. அறை விளக்கை அணைத்துவிட்டு மேலிருந்து பார்க்கச் சொன்னேன். ஒரு பாதி ஆரஞ்சு, மறு பாதி இருட்டு.

ஆஃப் செய்து, வால்வு ஆறியதும் கழற்றி, அந்தக் காலை மறுபடி பற்றவைத்தான். ஆன் செய்து 15 விநாடி இருக்கும், பிளேட்டில் 24 மெல்ல இறங்கி 11-க்கு வந்து நின்றது. ஜாக்கை இன்னொரு முறை அளந்தோம், 6 மில்லிவோல்ட். அப்புறம்தான் ஹெட்போனைச் செருகச் சொன்னேன்.